டார்செட் கடற்கரையில் என் மாமியாரின் துவைக்கிற கல்

1

எங்கள் பழைய காரை வாங்கிக்கொள்ள நாளைக்கு ஓர் ஆள் வருகிறார். அதனால் இன்று காலையிலிருந்து டிக்கியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன். விரிப்பைத் தூக்கினால் அடியில் ஒரு கடற்கரையே இருக்கிறது. மணல், சிப்பி உடைசல், பட்டாணி அளவுக் கூழாங்கற்கள், வெயிலில் வெளுத்துப்போன பார்க்கிங் சீட்டுகள், என் மகள் ஷெரினின் ஒற்றைக் காலுறை, புளிசோற்றுப் பாத்திரத்திலிருந்து தப்பித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு. பருப்பு மட்டும் இன்னும் நல்ல நிறமாக இருந்தது. வாயில் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாங்கள் இருப்பது டார்செட். இங்கிலாந்தின் தென்கரையில் கடலை ஒட்டிப் படுத்திருக்கும் பழைய மாவட்டம். லண்டன் போல நம்மவர்கள் நிறைந்த இடம் இல்லை. கறிவேப்பிலை வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஆனால் பார்க்கிறதற்கு இங்கே இருக்கிறவற்றைச் சொல்லி முடியாது. இடிந்த கோட்டை, கரியைத் தின்று புகைவிட்டுப் போகும் பழைய ரயில், ஆயிரம் அன்னங்கள் குடியிருக்கும் குளம், வைக்கோல் கூரை போட்ட ஊர்கள். ஆம், கூரை வீடுதான். நம் ஊரில் கூரை வீடு ஏழை வீடு. இங்கே பணக்காரன் வீடு. வந்த புதிதில் இதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றதை என் கணவர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

வாயைப் பிளந்து நிற்பது என் சுபாவம். அதை நான் மறைப்பதில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் இன்ஜின் மாற்றுவதைப் பார்க்க நின்று பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போய் அடி வாங்கியவள் நான். என் கணவர் சவரிமுத்து அதற்கு நேர் எதிர். எதைக் காட்டினாலும் "இதுல இன்னா இருக்குது?" என்பார். இந்தக் குறிப்பு அவரைப் பற்றியது. 2009ஆம் வருடத்துக் கோடையில் அவர் எங்களை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடுவதாகச் சொன்னதையும், அவரை நிறுத்திவைக்க நான் செய்த ஏற்பாட்டையும், அது போன போக்கையும் எழுதிவைக்க வேண்டும் என்று இந்த மணலைப் பார்த்ததும் தோன்றியது.

2

அவரை நான் முதலில் பார்த்தது 1993இல், பஸ்ஸுக்குள். நர்சிங் முடித்துவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து தினமும் ஒரே பஸ். அதில் அவர் கண்டக்டர். முழங்கையில் தோல் பை, காதில் பென்சில், இரண்டு விரலிடுக்கில் மடித்துவைத்த நோட்டுகள். விக்கிரவாண்டி தாண்டினால் சாலையின் இரண்டு பக்கமும் ஏரி நிறைந்து கிடக்கும் ஒரு மழைக்காலத்தில், "எவ்வளவு அழகா இருக்குது பாருங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பார்த்து, "சில்லறையா குடும்மா" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது. கண்டக்டருக்கு ஜன்னல் கிடையாது. பத்து வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றவர், வெளியே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கை, தலை, படிக்கட்டு, இவைதான் அவர் உலகம். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கண் தானாக எண்ணிக்கொண்டிருக்கும். இன்றைக்கும் ஒரு அறைக்குள் நுழைந்தால் தலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.

2003இல் எனக்கு இங்கே வேலை கிடைத்தது. அடுத்த வருடம் அவரும் ஆறு வயது ஷெரினும் வந்தார்கள். அவருக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கம்பெனியில் வேலை. மலைபோலப் படுக்கை விரிப்புகள் வரும். அறை அளவு இருக்கும் இயந்திரங்களுக்குள் தள்ள வேண்டும், எடுக்க வேண்டும். வேலையைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை. அவரை அரித்தது வேறு.

நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பாஸ்போர்ட்டில் கேட்கிறார்களே என்று அப்பா பெயரைப் போட்டுவைத்தோம். விளைவு, இந்த நாட்டில் அவர் மிஸ்டர் சின்னப்பன் ஆகிவிட்டார். எனக்கு ஒரு குடும்பப் பெயர், அவருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. நாங்கள் மூவரும் ஒரே குடும்பம் என்று ஒவ்வொரு அலுவலகத்திலும் புதிதாக நிரூபிக்க வேண்டும். கம்பெனியில், வங்கியில், பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் மிஸ்டர் சின்னப்பன்.

"செத்துப்போன எங்கப்பாவ தெனம் கூப்பிட்டுக்கினு இருக்கானுங்க ஜெசி. நான் இங்க இருக்கறது யாருக்கும் தெரியல" என்றார் ஒரு நாள்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஷெரினும் நகர்ந்துகொண்டிருந்தாள். அவர் தமிழில் கேட்பார், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பிறகு அவள் தமிழில் பதில் சொல்ல வேண்டாத கேள்விகளை மட்டுமே அவர் கேட்க ஆரம்பித்தார். சாப்பிட்டியா, குளிருதா, தூங்கப் போறியா. தலையை ஆட்டினால் போதும்.

இப்படியே ஐந்து வருடம் ஆனது. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கும் சமயம் வந்தது. அதற்கு இந்த நாட்டைப் பற்றி ஒரு பரீட்சை எழுத வேண்டும். புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்தேன். அவர் அதை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, தான் எழுதப் போவதில்லை என்றார். சொந்தப் பெண்டாட்டியோடு இருப்பதற்கு எவனாவது பரீட்சை எழுதுவானா என்றும் கேட்டார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்.

"நீயும் பொண்ணும் இருங்க. உங்களுக்கு இது ஒத்துப்போச்சு. நான் ஊருக்குப் போறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பஸ் நிற்கும் இடத்தைச் சொல்கிற குரலில் சொன்னார்.  திருமணம் முறிகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாதா மாதம் போனில் பேசுவோம், வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்வோம், அப்படியே வயதாகிவிடும். அந்த மாதிரிக் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு கோடை காலம் கொடுங்கள் என்று கேட்டேன். என் விடுமுறை நாட்களில் எல்லாம் நான் கூப்பிடுகிற இடத்துக்கு வர வேண்டும். இந்த மாவட்டத்தை முழுசாகப் பார்த்துவிட்டு, அப்புறமும் போக வேண்டும் என்றிருந்தால் போகலாம். அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் செப்டம்பர் கடைசிக்கு ஒரு வழி டிக்கெட்டையும் எடுத்துவிட்டார்.

3

முதலில் கோர்ஃப் கோட்டைக்குப் போனோம். குன்றின்மேல், வெடிவைத்துத் தகர்க்கப்பட்டுச் சரிந்து நிற்கும் பெருஞ்சுவர்கள். சரிந்தவை சரிந்தபடியே பல நூறு வருடமாக நிற்கின்றன. ஒரு சுவர் இப்போதுதான் விழப்போகிறது என்பது போலச் சாய்ந்திருக்கிறது. அதன் கீழே குழந்தைகள் சாண்ட்விச் தின்றுகொண்டு ஓடுகிறார்கள். எனக்கு மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

"ஏங்க, இங்க பாருங்க" என்றேன்.

"செஞ்சில இல்லாத கோட்டையா?" என்றார்.

செஞ்சிக் கோட்டைமேல் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டேன். செஞ்சிக்குப் பஸ்ஸில் நூறு தடவை போயிருக்கிறாராம். பஸ் ஸ்டாண்டோடு சரியாம்.

அடுத்தது டர்டில் டோர். கரையிலிருந்து நீண்டு வந்த பாறை ஒன்று கடலுக்குள் காலை ஊன்றி நிற்கிறது. நடுவில் ஒரு வாசல். அலை அதன் வழியாக உள்ளே வந்து வெளியே போகிறது. அதைச் செய்ததும் அலைதானாம். தண்ணீர் கல்லைத் தின்று வாசல் வைத்திருக்கிறது. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் மரக்காணத்திலும் இதே தண்ணீர்தான் என்று சொல்லிவிட்டு, புளிசோற்றுப் பாத்திரத்தைக் காற்றுப்படாமல் மறைத்துவைக்க இடம் தேடினார்.

செர்ன் என்ற ஊரில் மலைச்சரிவில் ஒரு பிரம்மாண்டமான மனிதனை வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தி சொன்னாள். பச்சைப் புல்லில் வெள்ளைக் கோடு, பார்க்காமல் விடாதே என்றாள். அவன் ஒட்டுத் துணி இல்லாமல் நிற்கிறான் என்பதை அவள் சொல்லவில்லை. எதிரே காரை நிறுத்தி இறங்கினோம். நான் ஷெரினின் கண்ணைப் பொத்தப் பார்த்தேன். அவள் பதினோரு வயதுக்காரி, என் கையைத் தள்ளிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் மலையை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்தார். "அல்லேலூயா. நல்ல எடமாத்தான் பாத்துக் கூட்டியாந்திருக்க" என்றார். அந்தக் கோடையில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

செசில் கடற்கரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அங்கே மணல் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கல்லால் ஆன கரை. மேற்கு முனையில் பட்டாணி அளவு. கிழக்கே போகப் போகக் கல் வளர்ந்துகொண்டே வந்து கடைசியில் உருளைக்கிழங்கு அளவாகிவிடும். கடலே சலித்துப் பிரித்துப் போட்டதுதான், மனிதன் கை படவில்லை. பனிமூட்டத்தில் வழி தவறிக் கரையேறும் மீனவர்கள் காலடியில் ஒரு கல்லை எடுத்து அதன் பருமனைப் பார்த்தே எந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்வார்களாம். இதைப் படித்துச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அவர் ஒரு கல்லை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் உருட்டினார்.

"நானும்தான் கண்ண மூடிக்கினே சொல்லுவேன், வண்டி குலுங்கறத வெச்சு. இது விக்கிரவாண்டி, இது மயிலம் கேட்டுன்னு" என்றார்.

அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குக் கொஞ்சம் நம்பிக்கையோடு தூக்கம் வந்தது.

4

ஆகஸ்டில் சார்மவுத் போனோம். அது கல்லாய்ச் சமைந்த உயிர்களின் கடற்கரை. கரிய களிமண் மலை ஒவ்வொரு மழைக்கும் சரிந்து விழும். அலை அதைக் கழுவும். கழுவினால் உள்ளிருந்து சுருள் சுருளாய் நத்தை மாதிரிக் கல், மீன் எலும்புக் கல், மரக் கல் எல்லாம் கரையில் வந்து கிடக்கும். தானாக உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம். குடும்பம் குடும்பமாகக் குனிந்த தலை நிமிராமல் நடக்கிறார்கள். நாற்று நடுகிறார்களோ என்று தோன்றும்.

எனக்கு அரை மணியில் ஒரு சுருள் கிடைத்தது. ஐந்து பைசா அளவுதான். பத்தொன்பது கோடி வருடத்துக்கு முன்பு நீந்திக்கொண்டிருந்த பிராணியாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். ஷெரின் காதில் மாட்டியிருந்த பாட்டை நிறுத்தாமல் தள்ளிப்போய் நின்றுகொண்டாள்.

மழை தூறியது. கரையோரம் கண்காட்சி வைத்திருந்த ஒரு சின்னக் கூடத்துக்குள் ஒதுங்கினோம். அங்கே நரைத்த தலையும் பச்சை மேல்கோட்டுமாக ஹெலன் என்ற பெண்மணி இருந்தார். குழந்தைகள் தொட்டுப் பார்ப்பதற்கென்று ஒரு மேசை. அதில் கற்கள். பக்கத்தில் ஒரு பேசின் தண்ணீர், நனைத்தால் கல்லின் ரேகை தெரியும் என்பதற்காக. என் கணவர் வழக்கம்போலத் தலைகளை எண்ணிவிட்டு மேசை ஓரமாக வந்து நின்றார். கை தானாக ஒரு கல்லின்மேல் போனது. முழ நீளம், ஒரு பக்கம் மொழுமொழுப்பு. தடவினார். மறுபடி தடவினார். நகத்தால் சுண்டினார்.

"ஜெசி, இது எங்கம்மா துவைக்கிற கல்லு" என்றார்.

அவருடைய ஊர் திண்டிவனத்துக்குத் தெற்கே, திருவக்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கல்யாணமாகிப் போன புதிதில் நானும் கிணற்றடியில் அந்தக் கல்லில் துவைத்திருக்கிறேன். நீளமாக, பழுப்பாக, ஓரத்தில் வரி வரியாக இருக்கும். அந்தப் பக்கத்தில் நிலத்தை உழுதாலே அப்படிக் கற்கள் வரும். திருவக்கரைக்காரர்கள் அதைக் காளி வதம் செய்த அசுரனுடைய எலும்பு என்பார்கள். எங்கள் பங்குச் சாமியார் நோவா காலத்து வெள்ளத்தில் வந்த மரம் என்று பிரசங்கத்தில் சொன்னாராம். கல்மரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள், பரீட்சையோடு மறந்தது. என் மாமியார் அதில் சவுக்காரம் நன்றாக நுரைக்கும் என்பார்.

ஹெலன் அருகில் வந்து அது மரம் என்றும், கல்லாகிவிட்ட மரம் என்றும் மெதுவாக விளக்கினார். இவர் தெரியும் தெரியும் என்று தலையாட்டினார். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து நிற்கிறது, ஆங்கிலம் வரவில்லை. "மை மதர்" என்றார். கையை வீசிக் காட்டினார். அந்த அம்மா புரியாமல் சிரித்தார். உடனே என் கணவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். பேசினில் முக்கினார். முறுக்கித் தலைக்குமேல் ஓங்கி, அந்தக் கோடி வருடத்துக் கல்லின்மேல் ஓர் அடி அடித்தார்.

சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. குழந்தைகள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு தகப்பன் தன் பிள்ளையை அருகில் இழுத்துக்கொண்டார். இவர் நிறுத்தவில்லை. புரட்டிப் போட்டு இன்னோர் அடி. அப்புறம் இரண்டு கையாலும் கும்மிக் கசக்கல். சோப்பு ஒன்றுதான் குறை. ஷெரின் முகம் சிவந்து வெளியே மழைக்குள் போய்விட்டாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

ஹெலன் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மா கல்லைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். உங்கள் வீட்டில் துணி துவைப்பது இந்த மாதிரிக் கல்லிலா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அந்த அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிறகு கேள்விமேல் கேள்வி. எனக்கே பாதி புரியவில்லை. ஷெரினை உள்ளே இழுத்து வந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். வளையம் தெரியுமா, கணு இருக்கிறதா, பட்டை ஒட்டியிருக்கிறதா, உள்ளே என்ன நிறம்? அப்பாவும் மகளும் அவ்வளவு வாக்கியங்கள் பேசிக்கொண்டதை நான் பல மாதங்களாகப் பார்த்திருக்கவில்லை. 

"பொறந்ததுல இருந்து பாத்த கல்லு. எங்கம்மா குனிஞ்சிக்கினு இருக்கறதுதான் ஞாபகம் வருது. கல்லு எப்பிடி இருக்கும்னு தெரியலியே" என்றார் அவர்.

முடிந்தால் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள் என்றார் ஹெலன். எங்களுடைய மரம்தான் மூத்தது, உங்களுடையது இரண்டு கோடி வருடம்தான் இருக்கும் என்றும் சொன்னார். காரில் திரும்பி வரும்போது என் கணவருக்கு அது மட்டும் தாங்கவில்லை. "நம்முளுது சின்னப்புள்ளயாமா?" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தார்.

5

மறுநாளே ஊரில் இருக்கும் தம்பி ஆரோக்கியத்துக்குப் போன் போட்டார். துவைக்கிற கல்லைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அண்ணனுக்கு அங்கே குளிரில் ஏதாவது ஆகிவிட்டதா என்று ஆரோக்கியம் என்னிடம் தனியாகக் கேட்டார். ஒரு வழியாகத் திண்டிவனத்துக்குப் போய் பிரவுசிங் சென்டரிலிருந்து படம் அனுப்பினார். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கல். அதன்மேல் நீல சோப்பு, பாதி துவைத்த லுங்கி. அவர் மனைவி எடுத்துவைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஆனால் நனைந்த ஓரத்தில் வளையம் வளையமாக ரேகை துலங்கியது.

அந்தப் படத்தைப் பார்த்து ஹெலன் வாயைப் பொத்திக்கொண்டார். வேளாங்கண்ணி மாதாவை நாம் பார்க்கிற மாதிரி என் மாமியாருடைய துவைக்கிற கல்லை அவர் பார்த்தார். அச்செடுத்து, தொட்டுப் பார்க்கும் மேசைக்கு மேலே சுவரில் குத்திவைத்தார். கீழே எழுதுவதற்காக உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். இவர் ஷெரினைப் பார்த்து, சின்னப்பன் என்று எழுத வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். சவரிமுத்து என்று எழுதினார்கள். லுங்கியோடுதான் அந்தப் படம் அங்கே இருக்கிறது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த உடனே பரீட்சைப் புத்தகத்தைத் தூசி தட்டி மறுபடி மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. ராத்திரியும் பகலும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திருவக்கரைக்கு வெளியே சர்க்கார் வேலி போட்ட பூங்கா ஒன்று இருக்கிறது, அதில் முழு முழு மரங்களே கல்லாகிக் கிடக்கின்றன என்று ஷெரின் கம்ப்யூட்டரில் தேடிக் காட்டினாள். அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறார். உள்ளே கால் வைத்ததில்லை.

"போய்ப் பாக்கணும் ஜெசி. இத்தினி நாளு ஊர்ல இருந்துக்கினு இன்னாத்தப் பாத்தேன்னே தெரியல" என்றார்.

கோட்டையையும் கடலையும் காட்டி ஆளை இங்கே நிறுத்தப் பார்த்தேன். அது அவருக்கு ஊரைக் காட்டிவிட்டது. டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. கேட்டால் இருந்திருப்பாரோ என்னவோ. ஆனால் என் முகத்துக்காக இருக்கிற ஆள் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். 

செப்டம்பர் கடைசியில் ஹீத்ரோவில் விட்டோம். அப்பாவுக்கு ரிட்டர்ன் டிக்கெட் இல்லையா என்று ஷெரின் அப்போதுதான் கேட்டாள், தமிழில்.  உள்ளே போவதற்கு முன்பு அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். கண்டக்டர் பார்வை. ஒன்று, இரண்டு. அப்புறம் போய்விட்டார்.

6

அக்டோபரில் ஒரு நாள் கடல் வெகுதூரம் உள்வாங்கியது. நானும் ஷெரினும் லைம் ரீஜிஸ் போயிருந்தோம். அங்கே தண்ணீர் வடிந்த பிறகு ஒரு பாறைத்தளம் தெரியும். அதில் அந்தச் சுருள் பிராணிகள் நூற்றுக்கணக்கில் பதிந்து கிடக்கின்றன. பஸ்ஸின் ஸ்டீயரிங் அளவுச் சுருள்கள். ஒவ்வொன்றிலும் கடல் தண்ணீர் தேங்கி வானம் தெரிந்தது. அவற்றின்மேல் கால் வைத்து நடப்பதற்கு எனக்கு மனமே வரவில்லை. நடக்காமல் போகவும் வழியில்லை. அப்படியே நின்று, "ஏங்க, இங்க பாருங்க" என்று திரும்பினேன். ஷெரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

கிறிஸ்துமஸுக்கு முன்பு அவர் திரும்பி வந்துவிட்டார். வந்ததும் பரீட்சை எழுதினார். முதல் தடவை கோட்டைவிட்டு, இரண்டாம் தடவை தேறினார். இப்போது ஏழு வருடம் ஆகிறது. துணிக் கம்பெனி வேலையும் இருக்கிறது, மிஸ்டர் சின்னப்பன் என்று கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஷெரின் அடுத்த மாதம் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், கணக்குப் படிக்க. கல்லைப் பற்றி அவளுக்கு ஒரு அக்கறையும் கிடையாது.

ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் அவர், "அங்க கொசு தாங்கல" என்பார். ஆரோக்கியத்திடம் குளிர் பழகிப்போச்சு என்றாராம். உண்மையான காரணம் நவம்பரில் வந்த ஒரு போன். நான் சாப்பாட்டு இடைவேளையில் ஆஸ்பத்திரி ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். வெளியே மழையில் கார்கள் வரிசையாக நனைந்துகொண்டிருந்தன. அவருக்கு அங்கே சாயங்காலம். திருவக்கரைப் பூங்காவுக்குள் முதல் தடவையாகப் போயிருந்தார். எடுத்ததும் பேச ஆரம்பித்துவிட்டார்.

"படுத்துக்கினு இருக்குது ஜெசி, முழு மரம். எங்க பாத்தாலும் மரம். நேத்து வெட்டிப் போட்டாமாதிரி. பட்டை தெரியுது, கணு தெரியுது. ஒண்ணுல பொந்துகூட இருக்குது, எறும்பு போய்க்கினு வந்துக்கினு இருக்குது."

 பதினாறு வருடத்தில் நான் கேட்காத குரல். ஆரோக்கியத்தைக் கூப்பிட்டாராம். கல்லுதானே அண்ணா, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றாராம். காவலாளியிடம் சொல்லிப் பார்த்தாராம். அவர் கேட்டைப் பூட்ட நேரமாகிறது என்றாராம். 

"நீ எத்தினி எடத்துல இங்க பாருங்க, இங்க பாருங்கன்னு சொல்லிக்கினே இருந்த" என்றார். "இப்ப நான் பக்கத்துல திரும்பித் திரும்பிப் பாக்கறேன். யாரும் இல்ல."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஏ ஜெசி, இங்க பாரேன்" என்றார் அவர்.

"பாத்துக்கினுதாங்க இருக்கேன்" என்றேன். "காட்டுங்க."